'உடல்வலிமைக் கிறித்தவ'மும் இயேசுவின் உருவமும்

நற்செய்தி நூல்கள் நான்கினுள் ஒன்றிலேனும் இயேசுவின் உடல்தோற்றம் பற்றிய வருணனை இல்லை. உயரம், நிறம், முகவெட்டு, குரல் ஆகிய எவை குறித்தும் அந்நூல்கள் பேசவில்லை. அவர் தச்சர் என்று மாற்கு நற்செய்தியும், தச்சரின் மகன் என்று மத்தேயு நற்செய்தியும் கூறுகின்றன. கோயிலில் வணிகரை விரட்டிய நிகழ்ச்சி நான்கிலும் இடம்பெற்றிருந்தும், கயிற்றாலான சாட்டையை அவர் கையில் எடுத்ததாகச் சொல்வது யோவான் நற்செய்தி மட்டுமே. மூன்றாம் நூற்றாண்டுக் கல்லறைச் சுவரோவியங்களில் அவர் தாடியற்ற இளம் மேய்ப்பராகக் காட்சி தருகிறார். நீண்ட முடியும் தாடியும் உடைய உருவம் பின்னரே நிலைபெற்றது. உரோமானிய அதிகாரி லெந்துலுஸ் எழுதியதாக வழங்கிய, இயேசுவின் முகத்தை நேரில் கண்டவர்போல் விவரிக்கும் கடிதம் இடைக்காலத்துப் போலி ஆவணம் என்பது இன்று ஐயத்திற்கு இடமின்றி ஏற்கப்பட்டுள்ளது. மூலத்தில் சான்று இல்லாத இடத்தை ஒவ்வொரு காலமும் தன் மனத்தில் இருந்த மனித இலக்கணத்தைக் கொண்டு நிரப்பியது. அவ்வாறு நிரப்பியவற்றுள் 'ஆண்மை' என்னும் இலக்கணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பெற்ற இடத்தையும், அது இந்தியாவிற்கு வந்தபோது அடைந்த மாற்றங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இயேசு போதிய அளவு ஆண்மை உடையவரா என்னும் வினா கிறித்தவ மரபு முழுவதிலும் நிலவிய ஒன்றன்று. இடைக்காலத் துறவியர் அவரைத் தாயாகவே விளித்துள்ளனர். ஆன்செல்ம், கிளேர்வோ பெர்னார்டு முதலிய ஆண் துறவியரும், நார்விச் ஜூலியன் என்னும் பெண் ஞானியும் இயேசுவைப் பாலூட்டும் தாயாக உருவகித்ததை வரலாற்றாய்வாளர் கரோலின் வாக்கர் பைனம் 1982இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் உவமையை மத்தேயு நற்செய்தியில் இயேசுவே தமக்குக் கூறிக்கொள்கிறார். திருச்சிராப்பள்ளியில் தாயுமானவராக இறைவனை வணங்கும் மரபை அறிந்த தமிழருக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. அச்சம் பின்னர் வந்தது. வந்த காலத்தைத் துல்லியமாகவே குறிக்க முடிகிறது.

1857: ஒரு சொல்லின் பிறப்பு

சார்லஸ் கிங்ஸ்லி எழுதிய 'டூ இயர்ஸ் அகோ' என்னும் புதினத்தை 1857இல் 'சாட்டர்டே ரெவ்யூ' இதழில் மதிப்பிட்ட டி. சி. சாண்டர்ஸ், அவ்வாசிரியரின் சமயப் போக்கைச் சுட்ட 'மஸ்குலர் கிறிஸ்டியானிட்டி' என்னும் தொடரைக் கையாண்டார். தமிழில் இதனை உடல்வலிமைக் கிறித்தவம் எனலாம். ஏளனம் கலந்த அத்தொடரைக் கிங்ஸ்லி விரும்பவில்லை. ஆயினும் அவர் நண்பர் தாமஸ் ஹியூஸ் அதே ஆண்டில் வெளியிட்ட 'டாம் பிரௌன்ஸ் ஸ்கூல் டேஸ்' என்னும் புதினம் அதற்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தது. விளையாட்டுத் திடலில் உரம் பெற்ற உடலும் அச்சமற்ற நெஞ்சும் கிறித்தவ வாழ்வின் அடையாளங்கள் என்னும் எண்ணம் ஆங்கிலப் பள்ளிகளில் வேரூன்றியது.

அவ்வாண்டு இந்திய வரலாற்றிலும் முதன்மையானது என்பதைக் கருதவேண்டும். கிரிமியப் போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. வட இந்தியாவில் எழுச்சி வெடித்தது. அதனை அடக்கச் சென்று 1857 நவம்பரில் இலக்னோவில் இறந்த தளபதி ஹென்றி ஹேவ்லாக், பாப்திஸ்து சமயப் பற்றாளர். இங்கிலாந்தின் ஆலய மேடைகளில் அவர் தூயவருக்கு நிகராகப் போற்றப்பட்டார். வாளும் மறைநூலும் ஒரே கையில் இணைந்த அவ்வுருவம், உடல்வலிமைக் கிறித்தவம் பேரரசின் தேவைகளோடு எவ்வளவு எளிதாகப் பொருந்தியது என்பதைப் புலப்படுத்துகிறது.

ஓர் ஓவியர், இரண்டு இயேசுக்கள்

இம்மாற்றத்தை வில்லியம் ஹோல்மன் ஹண்டின் இரண்டு ஓவியங்களில் கண்கூடாகக் காணலாம். 1851-53 ஆண்டுகளில் அவர் தீட்டிய 'உலகின் ஒளி', கையில் விளக்குடன் பூட்டிய கதவைத் தட்டும் இயேசுவைக் காட்டுகிறது. அரச உடை, கனிந்த முகம், நிலவொளி என யாவும் மென்மையே. முகத்திற்கு மாதிரியாக அமர்ந்தவருள் கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டியும் ஒருவர். ஆண்மகனாகிய இறைமகனின் முகத்தில் பெண் ஒருவரின் சாயல் கலந்தது தற்செயலன்று; கனிவை அக்கால ஓவியர் அவ்வாறே உணர்ந்தனர். இவ்வோவியத்தைத் தாமஸ் கார்லைல் கடுமையாகப் பழித்ததை ஹண்ட் தம் நினைவுநூலில் பதிவு செய்துள்ளார். உழைத்துக் களைத்த மெய்யான மனிதரைக் காட்டாமல் அணிகலன் பூண்ட கற்பனை உருவைக் காட்டியதே கார்லைலின் குறை.

1870-73 ஆண்டுகளில் பாலத்தீனத்தில் தங்கி ஹண்ட் தீட்டிய 'சாவின் நிழல்' அக்குறைக்கு விடையாக அமைந்தது எனலாம். இங்கே இயேசு தச்சுப் பட்டறையில் நிற்கிறார். இடைக்குமேல் ஆடையில்லை, மார்பிலும் கைகளிலும் நரம்பும் தசையும் தெரிகின்றன. வேலை முடித்துக் கைகளை விரித்துச் சோம்பல் முறிக்கும்போது அவர் நிழல், சுவரில் கருவிகள் மாட்டிய சட்டத்தின்மீது சிலுவையாக விழுகிறது. முகம் நமக்குத் தெரியாதவாறு முழந்தாளிட்டிருக்கும் மரியா அந்நிழலைக் காண்கிறார். உழைப்பாளர் இயேசுவைக் காட்டும் வலிமை மிக்க ஓவியம் இது. எனினும் மக்கள் நெஞ்சில் நின்றது முதல் ஓவியமே. அதன் பிற்காலப் பெரும்படி 1905-07இல் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் உலாவந்து, பின்னர் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் இடம்பெற்றது. கருத்தாளர் விரும்பிய இயேசுவும் மக்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய இயேசுவும் வேறுவேறாக இருந்த நிலை, பின்னர் அமெரிக்காவிலும் தொடர்வதைக் காண்போம்.

ஹியூஸ் 1879இல் 'தி மேன்லினெஸ் ஆஃப் கிரைஸ்ட்' என்னும் சிறுநூலை வெளியிட்டார். தலைப்பை மட்டும் அறிந்தோர் அதனைத் தசைப் பெருமை பேசும் நூல் என்றே கருதுவர். நூலின் வாதமோ வேறு. உடல் துணிவு விலங்குகளுக்கும் உண்டு, அது ஆண்மையின் ஒரு கூறு மட்டுமே என்கிறார் ஹியூஸ். சிறந்த உடல்திறன் வாய்ந்தவன் கோழையாகவோ கொடியவனாகவோ இருக்கலாம். உண்மையான ஆண்மை உடையவன் அவ்வாறு இருக்க முடியாது. பிறர்பால் கனிவும் அக்கறையும் ஆண்மையின் பகுதிகளே என்பது அவர் நிலைப்பாடு. உழைப்பாளர் கல்லூரியில் குத்துச்சண்டை கற்பித்த ஒருவர் இவ்வாறு எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ் மாணவருக்கு இவ்வேறுபாடு புதிதன்று. திருக்குறளில் 'பேராண்மை' என்னும் சொல் மூன்று இடங்களில் வருகிறது. பிறனில் விழையாமை அதிகாரத்தில் பிறன் மனைவியை நோக்காத அடக்கம் பேராண்மை எனப்படுகிறது. படைச்செருக்கு அதிகாரத்தில் பகைவர்மேல் காட்டும் அஞ்சாமை அப்பெயர் பெறுகிறது. ஆனால் அப்பகைவனுக்குத் தாழ்வு நேர்ந்தபோது உதவுதல் அதற்குக் கூர்மை என்று உடனே சேர்த்துரைக்கப்படுகிறது. வேளாண்மை, தாளாண்மை எனச் சொல்லாக்கத்திலும் தமிழ் 'ஆண்மை'யை ஆளும் தன்மையாக விரித்து ஈகைக்கும் முயற்சிக்கும் உரியதாக்கியது. ஹியூஸின் நூல் இத்தகைய விரிவை நாடியது. அவரைப் பின்பற்றியோர் எடுத்துக்கொண்டது தலைப்பை மட்டுமே.

அமெரிக்காவின் அச்சம்

அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபைகளில் பெண்களே எண்ணிக்கையில் மிகுதி. இது பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே தொடர்ந்த நிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அது ஒரு சிக்கலாகப் பேசப்பட்டது. வயலிலும் பட்டறையிலும் உழைத்த ஆண்கள் அலுவலக மேசைகளுக்கு மாறியதும், பெண்கள் வாக்குரிமை கோரியதும், புதிய குடியேறிகள் நகரங்களை நிரப்பியதும் அக்காலத்தில் ஒருங்கே நிகழ்ந்தன. வெள்ளை நடுத்தர வகுப்பு ஆண்களின் தன்னம்பிக்கை தளர்ந்தது. அத்தளர்ச்சிக்கான காரணத்தைத் திருச்சபையின் 'பெண்மை'யில் தேடினர். 1911-12இல் நடைபெற்ற 'ஆண்களும் சமயமும் முன்னேற்ற இயக்கம்', திருச்சபைகளில் ஆண்கள் பெண்களைவிட 30 லட்சம் பேர் குறைவு என்று கணக்குக் கூறி, அவர்களை ஈர்க்க நகரம்தோறும் பரப்புரை செய்தது. உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால் 1917இல் வெளியிட்ட நூலில் இயேசுவின் ஓவியங்கள் பெண்மைச் சாயல் மிக்கவை என்று குறைகூறினார். தொழில்முறைப் பேஸ்பால் ஆட்டத்தைக் கைவிட்டுச் சமயப் பரப்புரைக்கு வந்த பில்லி சன்டே, இயேசுவை மல்லுக்கு நிற்பவராக மேடையில் நடித்தே காட்டினார்.

இவற்றுள் கருத்தூன்றிப் பார்க்கத்தக்கது புரூஸ் பார்ட்டனின் 'தி மேன் நோபடி நோஸ்' (1925). பார்ட்டன் போதகரின் மகன். விளம்பரத் தொழிலில் புகழ் பெற்றவர். சிறுவயதில் ஞாயிறு பள்ளிச் சுவரில் கண்ட வெளிறிய, மெலிந்த இயேசுவைத் தாம் வெறுத்ததாகக் கூறி நூலைத் தொடங்குகிறார். அவர் காட்டும் இயேசு தச்சுவேலையால் உரமேறிய உடலினர், விருந்துகளை விரும்பியவர், எளிய நிலையிலிருந்த 12 பேரைத் தேர்ந்து உலகை வென்ற அமைப்பாக உருவாக்கிய மேலாளர். சுருங்கக் கூறின், நவீன வணிகத்தின் நிறுவனர். நூல் பெருமளவில் விற்றது. இதில் உள்ள முரண் நோக்கத்தக்கது. அலுவலக வாழ்வு ஆண்களை மெலிவித்தது என்னும் கவலையில் தொடங்கிய இயக்கம், முடிவில் இயேசுவையே அலுவலகத் தலைவராக்கியது. ஹண்டின் பட்டறையில் இருந்த உழைப்பு இங்கே தோற்றத்திற்கு மெருகூட்டும் பொருளாகச் சுருங்கிவிட்டது. சிலுவையில் தோற்றவராக இறந்தவரை வெற்றியின் இலக்கணத்தால் அளப்பதில் உள்ள இடர்ப்பாடு பார்ட்டனுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மிகுதியாக அச்சான இயேசுவின் படமும் இப்பின்னணியில் தோன்றியதே. சிகாகோ ஓவியர் வார்னர் சால்மன் 1914இல் மூடி விவிலியக் கல்லூரியில் மாலை வகுப்பில் பயின்றபோது, ஆசிரியர் ஒருவர் ஆண்மை மிக்க இயேசுவைத் தீட்டுமாறு தூண்டினார் என்று அவரே பின்னாளில் கூறினார். 1924இல் கரிக்கோல் ஓவியமாகவும் 1940இல் நெய்வண்ண ஓவியமாகவும் அவர் படைத்த 'கிறிஸ்துவின் தலை' 50 கோடிப் படிகளுக்கு மேல் அச்சிடப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களின் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தக்க சிறு அட்டைகளாக அது வழங்கப்பட்டது. ஆண்மையை நாட்டத் தீட்டிய அதே படத்தைப் போருக்குப் பிந்தைய திறனாய்வாளர் சிலர் பெண்மை மிக்கது என்று பழித்தனர். டேவிட் மார்கன் 1990களில் திரட்டி ஆராய்ந்த மக்கள் மடல்களில், ஒரே படத்தில் சிலர் உறுதியையும் சிலர் கனிவையும் கண்டமை பதிவாகியுள்ளது. படத்தின் ஒளிவிடும் முகம், மென்முடி, நிறம் ஆகியவற்றுள் வடஐரோப்பிய வெள்ளையர் சாயல் இருப்பதை அக்கால வழிபாட்டாளருள் பலர் பொருட்படுத்தவில்லை.

ஆண்மையோடு இனமும் சேர்ந்தபோது விளைந்த கொடுமைக்குச் செருமனி சான்று. நாசி ஆட்சியை ஆதரித்த 'செருமானியக் கிறித்தவர்' இயக்கம் ஏறத்தாழ 6 லட்சம் உறுப்பினரைக் கொண்டிருந்தது. துன்புற்றுப் பணிந்த இயேசுவை விலக்கிப் போராடும் வீர இயேசுவையும் 'ஆண்மைத் திருச்சபை'யையும் அவர்கள் முழங்கினர். 1939 மே மாதம் ஐசனாக்கில் திறக்கப்பட்ட ஆய்வு நிறுவனம், திருச்சபை வாழ்வில் யூதத் தாக்கத்தை அகற்றுவதைத் தன் நோக்கமாக அறிவித்தது. அதன் கல்விசார் தலைவர் வால்டர் குருண்ட்மன், கலிலேயரான இயேசு யூதராக இருக்கவியலாது என்று 1940இல் நூல் எழுதினார். யூதக் கூறுகள் நீக்கப்பட்ட புதிய ஏற்பாட்டையும் அந்நிறுவனம் அச்சிட்டது. யூத ஆண்கள் வலிமையற்றவர் என்னும் இழிவுப் படிமம் ஐரோப்பாவில் முன்னரே வேரூன்றியிருந்தது. எனவே இயேசுவை வீரராக்க விரும்பியோர்க்கு அவரை யூதரல்லாதவராக்குவதும் தேவையாயிற்று. இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது என்பதைச் சூசன்னா ஹெஷல், டோரிஸ் பெர்கன் ஆகியோரின் ஆய்வுகள் நிறுவியுள்ளன. போருக்குப் பின்னரும் குருண்ட்மன் கிழக்குச் செருமனியில் மதிப்புடைய மறைநூல் அறிஞராகவே தொடர்ந்தார்.

அமெரிக்காவில் இப்போக்கு அலை அலையாக மீண்டது. கால்பந்துப் பயிற்றுநர் பில் மெக்கார்ட்னி 1990இல் தொடங்கிய 'பிராமிஸ் கீப்பர்ஸ்' 1997 அக்டோபரில் வாசிங்டனில் பெருந்திரளான ஆண்களைக் கூட்டியது. ஜான் எல்ட்ரெட்ஜின் 'வைல்ட் அட் ஹார்ட்' (2001) பல லட்சம் படிகள் விற்றது. இவ்வரலாறு அரசியலோடு பிணைந்த விதத்தைக் கிறிஸ்டின் கோபஸ் டு மே 2020இல் நூலாக்கினார். 1857இலிருந்து நோக்கினால் இவற்றில் புதுமை குறைவு.

இந்தியாவில்

இங்கிலாந்தில் அச்சொல் பிறந்து ஒன்பது ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் 1866 மே மாதம் கல்கத்தாவில் 'இயேசு கிறிஸ்து: ஐரோப்பாவும் ஆசியாவும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். இயேசு ஆசியர் என்பதும், அவர் தம் மக்களுக்கு அயலாரல்லர் என்பதும் அவ்வுரையின் மையம். இந்தியாவில் வாழும் ஐரோப்பியரின் 'உடல்வலிமைக் கிறித்தவம்', தண்டனைக்கு அஞ்சாமல் அடிக்கவும் உதைக்கவும் உள்ள உரிமையே இயேசுவின் சமயம் என்று இந்நாட்டினர் பலரை எண்ணச் செய்துவிட்டது என்று அவர் சாடினார். உதைபட்டவர் பக்கமிருந்து இக்கருத்தாக்கத்தைப் பார்த்த முதல் குரல்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். ஆங்கிலேயர் வங்காளியரை ஆண்மையற்றவர் என்று இகழ்ந்த சூழலில், அவர்களின் இறைவனையே மென்மையின் பக்கம் சேர்த்து அவர்கள்மீது திருப்பியது அவ்வுரை. மறுபுறம், அந்த இகழ்ச்சிக்கு உடலை வளர்ப்பதே விடை என்று கருதியோரும் இருந்தனர். கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் விண்ணகத்தை நெருங்கலாம் என்று விவேகானந்தர் 1897இல் சென்னையில் இளைஞர்களிடம் கூறியது யாவரும் அறிந்தது.

இலண்டனில் 1844இல் தோன்றிய கிறித்தவ இளைஞர் சங்கம் (ஒய்.எம்.சி.ஏ.), அமெரிக்காவில் உடற்பயிற்சியைத் தன் பணியின் நடுவில் நிறுத்தியது. கூடைப்பந்து (1891), கைப்பந்து (1895) ஆகியவை அச்சங்கத்தாரின் படைப்புகள். ஸ்பிரிங்ஃபீல்டில் அச்சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதன் வளர்ச்சியே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு அவர் மேலாளர். பள்ளிகளின் 'டிரில்' வகுப்பு, விளையாட்டு ஆசிரியர் என்னும் பணி ஆகியவை தமிழகத்தில் பரவியதில் அக்கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. எல்லாச் சமயத்தாரும் பயின்ற அந்த இடத்தில் இயேசுவின் ஆண்மை பற்றிய இறையியல் பின்னுக்குச் சென்றது. விசிலும் பந்தும் எஞ்சின. சங்கத்தின் இந்தியத் தலைமையும் வேறு திசையை நாடியது. 1916இல் தேசியப் பொதுச் செயலராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியரான சேலம் கே. டி. பால், கிராம மறுமலர்ச்சியில் கருத்தைச் செலுத்தினார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய மையம் கோழி வளர்ப்பையும் கூட்டுறவையும் தேன் எடுத்தலையும் கற்பித்தது.

ஆண்மை பற்றிய அமெரிக்க அச்சம் தமிழ்க் கிறித்தவ மரபில் அவ்வளவாக வேர்கொள்ளாமைக்கு இலக்கியக் காரணமும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800இல் இயற்றிய 'பெத்தலகேம் குறவஞ்சி'யில் இயேசு உலாவரும் பாட்டுடைத்தலைவர். அவர்மீது காதல்கொண்டு மெலியும் தலைவி தேவமோகினி திருச்சபையின் உருவகம். பாடுவோர், கேட்போர் அனைவரும், ஆண்களும்கூட, தலைவியின் இடத்தில் நிற்கின்றனர். ஆழ்வார்களிலும் மாணிக்கவாசகரிலும் பயின்ற நாயகி பாவம் இதற்கு வழி வகுத்தது. திருச்சபை கிறிஸ்துவின் மணமகள் என்னும் உருவகம் எபேசியர் திருமுகத்திலும் உள்ளது. அமெரிக்க ஆண்களைக் கூச வைத்த அதே உருவகம் தஞ்சையில் கூச்சமின்றிப் பாடப்பட்டது. இதனால் தமிழ்த் திருச்சபைகளில் பெண்கள் சமநிலை பெற்றனர் என்று கொள்வதற்கில்லை. குருத்துவம் ஆண்களிடமே நெடுங்காலம் இருந்தது. உருவகத்தில் பெண்ணாவது எளிது, அதிகாரத்தைப் பகிர்வது அவ்வளவு எளிதன்று.

மொழிபெயர்ப்பும் ஈண்டுக் கருதத்தக்கது. இயேசு தம்மைக் குறிக்க மிகுதியும் வழங்கிய தொடரைச் சீர்திருத்தச் சபையாரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'மனுஷகுமாரன்' என்றும், 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'மானிட மகன்' என்றும் தருகின்றன. மூலக் கிரேக்கச் சொல் ஆணை அன்று, மாந்தரையே சுட்டும். ஆங்கிலத்தில் 'மேன்' என்னும் ஒரே சொல் இரண்டையும் குறித்ததால் மனிதத்தன்மையிலிருந்து ஆண்மைக்கு நழுவுவது ஹியூஸுக்கும் பார்ட்டனுக்கும் எளிதாயிற்று. மனிதன், ஆண் எனச் சொற்கள் பிரிந்திருக்கும் தமிழில் அந்நழுவல் உடனே கண்ணில் படும்.

தஞ்சாவூரில் பிறந்த கிறித்தவரும் காந்தியப் பொருளியலாளருமான ஜே. சி. குமரப்பா, விடுதலைப் போராட்டத்தில் சிறைப்பட்டிருந்தபோது இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி எழுதினார். 1945இல் அது நூலாக வெளிவந்தது. வன்முறையை மறுப்பதற்கும் பேரரசுக்குப் பணியாமைக்கும் உரிய துணிவை அவர் இயேசுவிடம் கண்டார். முன்னாளில் ஹேவ்லாக்கை வாழ்த்திய திருச்சபையின் ஆட்சியாளரே அவரைச் சிறையில் வைத்திருந்தனர். சால்மனின் சிற்றட்டைப் படம் அப்போது அமெரிக்கப் போர்வீரர்களின் சட்டைப்பைகளில் இருந்தது.